கார் வாங்கும்போது டீலர் போடும் ஹேண்ட்லிங் சார்ஜ்: நாம் எங்கெல்லாம் தவறு செய்கிறோம்

என் தங்கை வீட்டுக்காரர் ஆடித் தள்ளுபடியில் காரை புக் பண்ணிவிட்டு ஆவணி பிறந்ததும் டெலிவரி எடுத்தார். மதுரையில்தான். ஷோரூம் வாசலில் வண்டிக்கு ரிப்பன் கட்டி, மாலை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது, தங்கை கையில் கற்பூரத் தட்டு, பிள்ளைகள் ஏற்கெனவே பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாயிற்று. அப்போதுதான் சேல்ஸ் பையன் கடைசி பில்லைக் கொண்டுவந்து நீட்டினான். போனில் பேசும்போது "பத்து இருபதுக்குள்ள முடிச்சிரலாம் சார்" என்று சொன்ன வண்டி, காகிதத்தில் 10,33,390 ரூபாய் என்று நின்றது. நடுவில் ஒரு வரி: 'ஹேண்ட்லிங் அண்ட் டாக்குமெண்டேஷன் 8,500'. இது என்ன என்று கேட்டேன். "எல்லா கஸ்டமருக்கும் போடுறதுதான் சார், பேப்பர் வேலை இருக்குல்ல" என்றான். மாப்பிள்ளை என் கையைப் பிடித்து, "மச்சான், பத்தரைக்குள்ள வண்டிய வெளிய எடுக்கணும், விடுங்க" என்றார். விட்டோம். பணம் போனது.

அன்று ராத்திரி அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு வரி வரியாகக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். போனது 8,500 மட்டும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அதற்கு அப்புறம் சொந்தத்தில், நட்பில் யார் கார் எடுத்தாலும் கொட்டேஷனை எனக்கு அனுப்பச் சொல்லிப் பார்க்கிறேன். ஏறக்குறைய எல்லாரும் ஒரே மாதிரித் தவறுகளைத்தான் செய்கிறோம், அதனால் எழுதுகிறேன்.

முதல் தவறு, "ஆன்ரோடு எவ்வளவு வரும்?" என்று கேட்டுவிட்டு அந்த ஒற்றை எண்ணோடு வீட்டுக்கு வருவது. ஆன்ரோடு விலை என்பது பல எண்கள் சேர்ந்த மூட்டை. எக்ஸ் ஷோரூம் விலை கம்பெனி போட்டது, ஜிஎஸ்டி அதற்குள்ளேயே இருக்கிறது, அதற்கு மேல் ஜிஎஸ்டி என்று தனி வரி போட்டிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். சாலை வரியும் பதிவுக் கட்டணமும் அரசாங்கத்துக்குப் போகிறது. இன்சூரன்ஸ் காப்பீட்டுக் கம்பெனிக்குப் போகிறது. மீதி எந்தப் பெயரில் இருந்தாலும் டீலருக்குப் போகிறது. இந்த நாலையும் பிரித்து எழுதி, ஷோரூம் சீல் வைத்து, கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால். அட்வான்ஸ் கட்டிய அடுத்த நிமிஷம் உங்கள் பேச்சுக்கு இருக்கும் எடை பாதியாகிவிடும், டெலிவரி அன்று மாலை போட்ட வண்டி முன்னால் நிற்கும்போது எடையே இருக்காது. நாங்கள் மாட்டியது அங்கேதான்.

சரி, ஹேண்ட்லிங் சார்ஜுக்கு வருவோம். ஹேண்ட்லிங், லாஜிஸ்டிக்ஸ், டிப்போ சார்ஜ், ஃபெசிலிடேஷன், இன்சிடென்டல், டாக்குமெண்டேஷன் என்று ஊருக்கு ஒரு பெயர், ஷோரூமுக்கு ஒரு பெயர். என்ன காரணம் கேட்டாலும் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். ஒன்று, "வண்டியை யார்டிலிருந்து கொண்டுவந்து, கழுவி, செக் பண்ணித் தர்றோம்". காரைச் சோதித்து ஓட்டும் நிலையில் உங்களிடம் ஒப்படைப்பதுதான் டீலரின் தொழிலே. ஒவ்வொரு காருக்கும் கம்பெனி டீலருக்கு மார்ஜின் தருவது இதற்கெல்லாம் சேர்த்துத்தான். இரண்டாவது, "ஆர்டிஓ பேப்பர் வேலைக்கு". பலருக்குத் தெரியாத விஷயம் இங்கேதான் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் செய்த திருத்தத்தின்படி, டீலர் இருக்கும் அதே மாநிலத்தில் புது வண்டியைப் பதிவு செய்வதாக இருந்தால், பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டியது டீலர்தான். 41ஆவது பிரிவைப் பாருங்கள். விண்ணப்பிக்காத டீலருக்கு அபராதமும் உண்டு. சட்டமே அவர் தலையில் வைத்த வேலைக்கு, ஏதோ நமக்கு உபகாரம் செய்த மாதிரி தனியாக 8,500 ரூபாய் எதற்கு?

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 81ஆவது விதியில் எந்தச் சேவைக்கு எவ்வளவு கட்டணம் என்று அட்டவணையே இருக்கிறது. சொந்த உபயோகக் காருக்குப் பதிவுக் கட்டணம் 600 ரூபாய். கடனில் வாங்கினால் ஆர்சியில் பேங்க் பெயர் ஏற்ற 1,500 ரூபாய். ஸ்மார்ட் கார்டுக்கு 200 ரூபாய். ஹேண்ட்லிங் என்று அந்த அட்டவணையில் ஒரு வரி கிடையாது. அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் டீலர் வாங்கும் பேப்பர் வேலைக் கட்டணத்தை 'டாக் ஃபீ' என்று புலம்புவார்களே, அது அங்கே சட்டம் ஒத்துக்கொண்ட கட்டணம். கலிஃபோர்னியாவில் 85 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது, ஃப்ளோரிடாவில் உச்சவரம்பே இல்லை. நம் ஊரில் அப்படி ஒரு கட்டணத்தைச் சட்டம் எங்கேயும் ஏற்படுத்தவில்லை. அதனால் "கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்று பேரம் பேசுவது அடுத்த தவறு. 8,500ஐ 4,000 ஆக்கிவிட்டு ஜெயித்துவிட்டோம் என்று நினைப்போம், ஆனால் கட்டத் தேவையில்லாத 4,000த்தைக் கட்டியிருப்போம். "இந்த வரியை எடுத்துடுங்க" என்று சொல்வதுதான் சரியான பேச்சு. குரலை உயர்த்த வேண்டாம். எதிரில் நிற்கும் பையன் டார்கெட்டுக்கு ஓடுகிறவன், பில்லில் என்ன வரி வரவேண்டும் என்று முடிவு செய்தவன் அவன் இல்லை. மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள். "இதுக்கு எந்த விதியில இடம் இருக்குன்னு ஷோரூம் லெட்டர்ஹெட்ல எழுதிக் கொடுங்க, கட்டிடறேன்" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். எழுதித் தர நான் பார்த்த யாரும் முன்வந்ததில்லை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஹேண்ட்லிங் சார்ஜ் என்று வெளிப்படையாகப் போட்டால் ஆட்கள் கேள்வி கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் பல ஷோரூம்களில் அந்த வரியை எடுத்துவிட்டு, அதே பணத்தை வேறு வரிக்குள் வைத்துவிடுகிறார்கள். அதிகமாக ஒளிவது 'ஆர்டிஓ' என்கிற வரியில். மாப்பிள்ளை பில்லையே எடுத்துக்கொள்வோம். எக்ஸ் ஷோரூம் 8,40,000. 'ஆர்டிஓ சார்ஜஸ்' 1,22,500 என்று ஒரே எண்ணாகப் போட்டிருந்தது, உள்ளே என்ன என்ற விவரம் இல்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றிய வரிப்படி, 5 லட்சம் வரையிலான காருக்கு ஆயுட்கால வரி 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. அப்படியென்றால் 8,40,000க்கு 13 சதவீதம் 1,09,200. பதிவுக் கட்டணம், பேங்க் பெயர் ஏற்றுவது, கார்டு, சாலைப் பாதுகாப்பு வரி என்று எல்லாம் சேர்த்தாலும் இன்னொரு 5,000 தாண்டாது. மிச்சம் 8,000 ரூபாய்க்கு மேல் என்னவென்று கேட்டபோது, "ஆர்டிஓ ஆபீஸ் செலவு இருக்கும் சார்" என்று இழுத்தார்கள். இந்த 'ஆபீஸ் செலவு' என்ற வார்த்தையைக் கேட்டு நம்மில் முக்கால்வாசிப் பேர் புரிந்த மாதிரித் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். அது பெரிய தவறு. அரசாங்கத்துக்குக் கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் வாகன் என்ற அரசாங்க வண்டிப் பதிவு இணையதளத்தில் ரசீது உருவாகிறது. அந்த ரசீதை வாங்கிப் பாருங்கள். ரசீதில் இருக்கும் தொகைதான் நீங்கள் கொடுக்க வேண்டியது, அதற்கு மேல் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும். கொட்டேஷன் வாங்கும்போதே "ஆர்டிஓ கட்டணம் ரசீதுப்படி" என்று எழுதி வாங்கிவிட்டால் பின்னால் சண்டை பாதியாகக் குறையும்.

வரி அடுக்கைப் பற்றிப் பேசும்போதே ஒன்று சொல்லிவிடுகிறேன். 10 லட்சம் என்ற கோட்டை லேசாகத் தாண்டும் வேரியண்ட்டை, "இன்னும் ஆறாயிரம்தானே" என்று எடுக்கிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. 9,99,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,29,870. 10,05,000 ரூபாய் வண்டிக்கு 1,80,900. ஆறாயிரம் ரூபாய் வித்தியாசம் வரியில் மட்டும் இன்னொரு 51,000த்தைக் கூட்டிக்கொண்டு வரும். 10 லட்சத்துக்கு மேல் போனால் டிசிஎஸ் என்று 1 சதவீதமும் பிடிப்பார்கள். இதை டீலர் தனக்காக எடுப்பதாக நினைத்துச் சிலர் சண்டை போடுகிறார்கள். அது தேவையில்லை, அந்தப் பணம் உங்கள் பான் எண்ணில் வருமான வரித் துறைக்குப் போகிறது, வருஷக் கடைசியில் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்ப வாங்கலாம். 12 லட்ச ரூபாய் காருக்கு 12,000 ரூபாய். அதைக் கேட்டு வாங்காமல் மறந்துபோகிறவர்களும் இருக்கிறார்கள்.

இன்சூரன்ஸ்தான் எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை. ஹேண்ட்லிங்கை எடுக்கச் சொன்னவுடன் சிரித்துக்கொண்டே எடுத்துவிட்டார்கள் என்றால் இந்த வரியைப் பாருங்கள். புதுக் காருக்கு மூன்று வருஷத் தேர்டு பார்ட்டி காப்பீடு (நம் வண்டியால் அடுத்தவருக்கு வரும் நஷ்டத்துக்கானது) 2018 செப்டம்பரிலிருந்து கட்டாயம், சுப்ரீம் கோர்ட் உத்தரவுப்படி வந்தது. அதன் பிரீமியம் எந்தக் கம்பெனியில் போட்டாலும் ஒன்றுதான். 2022 ஜூனில் நிர்ணயித்தபடி 1000 சிசி வரை 6,521 ரூபாய், 1500 சிசி வரை 10,640, அதற்கு மேல் 24,596, இதன் மேல் ஜிஎஸ்டி. ஆகவே இங்கே யாரும் ஏற்றவோ இறக்கவோ முடியாது. ஏற்ற இறக்கம் எல்லாம் சொந்தச் சேதத்துக்கான பகுதியிலும், ஜீரோ டெப் (மாற்றும் பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காதது), இஞ்சின் பாதுகாப்பு, ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் (வண்டி முழுசாகப் போனால் பில் விலை கிடைப்பது) போன்ற கூடுதல் கவர்களிலும்தான். மாப்பிள்ளை வண்டிக்கு ஷோரூமில் 46,800. அதே ஐடிவி (வண்டி திருடுபோனாலோ முழுசாகச் சேதமானாலோ காப்பீட்டில் கிடைக்கும் உச்சத் தொகை), அதே கவர்கள் போட்டு வெளியில் நான் விசாரித்தது 34,000 ரூபாய் அளவில். ஒரே வண்டிக்கு, ஒரே மாதிரிக் காப்பீட்டுக்கு.

"வெளியில போட்டா எங்க சர்வீஸ் சென்டர்ல கேஷ்லெஸ் வராது சார்" என்பார்கள். ரிப்பேர் பணத்தைக் காப்பீட்டுக் கம்பெனியே நேராக ஒர்க்ஷாப்புக்குக் கட்டுவதுதான் கேஷ்லெஸ். அது வருமா வராதா என்பது அந்தக் காப்பீட்டுக் கம்பெனிக்கும் அந்த ஒர்க்ஷாப்புக்கும் ஒப்பந்தம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது, பாலிசியை யார் விற்றார்கள் என்பதைப் பொறுத்தது இல்லை. கம்பெனி இணையதளத்தில் ஒர்க்ஷாப் பட்டியல் இருக்கும், பார்த்துவிட்டு எடுங்கள். டீலரிடம்தான் காப்பீடு எடுக்க வேண்டும் என்று உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2017இலேயே டீலர்களுக்கு என்று வழிகாட்டுதல் போட்டிருக்கிறது. ஒப்பிடும்போது கவனமாக இருங்கள், ஐடிவியைக் குறைத்துக் காட்டினால் பிரீமியம் குறைவாகத் தெரியும், விபத்தோ திருட்டோ நடந்தால் வரும் பணமும் குறைந்துவிடும். புது வண்டிக்கு ஐடிவி எக்ஸ் ஷோரூம் விலையில் 95 சதவீதம் அளவில் இருக்க வேண்டும். அப்புறம் உரிமையாளர் தனிநபர் விபத்துக் காப்பீடு என்று ஒரு வரி இருக்கும், உங்களுக்கு ஏற்கெனவே 15 லட்ச ரூபாய்க்கு விபத்துக் காப்பீடு இருந்தால் அதைச் சொல்லி எடுத்துவிடலாம்.

சில சமயம் "இன்சூரன்ஸ் எங்ககிட்ட எடுத்தாதான் 25,000 டிஸ்கவுண்ட்" என்று முடிச்சுப் போடுவார்கள். அந்த நேரத்தில் கோபப்பட வேண்டாம், கணக்குப் போடுங்கள். ஷோரூம் இன்சூரன்ஸோடு மொத்தம் எவ்வளவு, டிஸ்கவுண்ட் இல்லாமல் வெளி இன்சூரன்ஸோடு மொத்தம் எவ்வளவு, எது குறைவோ அதை எடுங்கள். ஒரு வரியில் ஜெயிப்பது முக்கியம் இல்லை, கீழே இருக்கும் கூட்டுத்தொகை குறைய வேண்டும். நான் பார்த்த ஒரு கொட்டேஷனில் ஹேண்ட்லிங் சார்ஜை எடுத்துவிட்டுக் கூடவே டிஸ்கவுண்ட்டிலும் 7,000 குறைத்திருந்தார்கள், வாங்குகிறவர் அதைக் கவனிக்கவே இல்லை.

மாப்பிள்ளை பில்லில் அடுத்த வரி, 'எசென்ஷியல் கிட்' என்று 14,990 ரூபாய். உள்ளே மிதியடி, மட் ஃபிளாப், கார் கவர், ஒரு பெர்ஃப்யூம், ஸ்டீயரிங் கவர். எசென்ஷியல் என்ற பெயரைப் பார்த்து இது கட்டாயம் என்று நினைத்துவிடுகிறோம், ஒன்றும் கட்டாயம் இல்லை. மிதியடியும் மட் ஃபிளாப்பும் வெளிக் கடையில் நாலில் ஒரு பங்குக்குக் கிடைக்கும். டெஃப்ளான் கோட்டிங், அடிப்பாகத் துருத் தடுப்பு என்று அடுத்தது வரும், அதையும் அன்றைக்கே முடிவு செய்ய வேண்டிய அவசியம் இல்லை. நம்பர் பிளேட்டுக்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 2019 ஏப்ரல் முதல் தேதிக்கு அப்புறம் தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டைத் தயாரிப்பாளரே வண்டியோடு தர வேண்டும், டீலர் எண்ணைப் பொறித்து மாட்டித் தர வேண்டும். அதன் விலை கார் விலைக்குள்ளேயே இருக்கிறது. முதலுதவிப் பெட்டியும் எச்சரிக்கை முக்கோணமும் அப்படித்தான், வண்டியோடு வருபவை. ஃபாஸ்டேகுக்கு 600, 1,000 என்று போட்டிருந்தால், அதில் எவ்வளவு இருப்பாக என் கணக்கில் நிற்கும் என்று கேளுங்கள், டெலிவரி அன்றே ஆப்பில் சரிபாருங்கள். 'டெம்பரரி ரெஜிஸ்ட்ரேஷன்' என்ற வரி, வேறு மாநிலத்தில் பதிவு செய்யப்போகிறவர்களுக்கு நியாயம்தான். உள்ளூரிலேயே பதிவு என்றால் எதற்கு என்று கேட்டு, ரசீது காட்டச் சொல்லுங்கள்.

கடனில் எடுக்கிறவர்களுக்கு ஒன்று. ஷோரூமில் உட்கார்ந்திருக்கும் ஃபைனான்ஸ் ஆள் காட்டும் மாதத் தவணையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். செயல்பாட்டுக் கட்டணம், கடன் பாதுகாப்புக் காப்பீடு, ஆவணக் கட்டணம் என்று அங்கேயும் வரிகள் இருக்கும், அவை கடன் தொகைக்குள் சேர்ந்துவிட்டால் கண்ணில் படாது, ஆனால் அதற்கும் சேர்த்து ஏழு வருஷம் வட்டி கட்டுவீர்கள். உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் பேங்கில் ஒரு தடவை கேட்டுவிட்டு அப்புறம் ஷோரூமுக்குப் போங்கள்.

பணம் கொடுக்கும் விதத்திலும் தவறு செய்கிறோம். "இந்த எட்டாயிரத்தை மட்டும் கேஷா குடுத்துருங்க, பில்லுல வராது" என்றால் அந்த இடத்திலேயே உஷாராகிவிடுங்கள். பில்லில் வராத பணத்துக்கு நாளைக்கு எந்தச் சாட்சியும் கிடையாது. சேல்ஸ் ஆளின் சொந்த யுபிஐ எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. ஷோரூமின் பேங்க் கணக்குக்கு மட்டும் அனுப்பி, ரசீது வாங்குங்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் டீலரை அனுமதிப்பதும் இல்லை.

போன மாதம் என் அக்கா மகன் கார் எடுத்தான். இந்தத் தடவை கொட்டேஷனை வாட்ஸப்பில் வாங்கி, வரி வரியாகக் கேள்வி எழுதி, பதிலும் எழுத்திலேயே வாங்கினோம். மூன்று ஷோரூம், ஒரே வண்டி. முதல் இடத்தில் ஹேண்ட்லிங்கை எடுக்க முடியாது என்றார்கள், சரி என்று எழுந்து வந்துவிட்டோம், மறுநாள் அவர்களே கூப்பிட்டு எடுத்துவிடுகிறோம் என்றார்கள். ஆனால் அதற்குள் இரண்டாவது இடத்தில் மொத்தத்தில் 19,000 குறைவாகக் கிடைத்துவிட்டது. நல்ல நேரம் பார்த்தோம், பார்க்காமல் இல்லை. ஆனால் பணம் முழுக்கக் கட்டி, எல்லாப் பேப்பரையும் முந்தின நாள் சாயங்காலமே சரிபார்த்துவிட்டோம். மறுநாள் காலையில் ஷோரூமில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை எடுப்பது மட்டும்தான் வேலை. இந்த ஒரு நாள் இடைவெளி பெரிய வித்தியாசம். ஆயுத பூஜை மாதிரி நெருக்கடியான நாளில் எடுக்கிறவர்களுக்கு இது இன்னும் அவசியம், அன்றைக்கு உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல அங்கே ஆள் இருக்காது.

ஏற்கெனவே கட்டிவிட்டேன், இப்போது என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: பில்லில் அந்த வரி அச்சாகி இருந்தால் அதுவே உங்கள் ஆதாரம். டீலருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், இந்தத் தேதியில் இந்தப் பில்லில் இவ்வளவு வாங்கியிருக்கிறீர்கள், எந்த விதிப்படி என்று சொல்லுங்கள், இல்லையென்றால் திருப்பித் தாருங்கள் என்று நாலு வரி போதும். கார் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் நகல் அனுப்புங்கள், பல விஷயம் அந்த நகலிலேயே முடிந்துவிடுகிறது. மாப்பிள்ளைக்கு அப்படித்தான் 8,500 மட்டும் மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. 'ஆர்டிஓ சார்ஜஸ்' என்ற பெயரில் கூடுதலாகப் போனதற்கு விவரம் பிரித்து வாங்காததால் இழுபறியாகவே நின்றுவிட்டது. பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய பொருளின் விலை 50 லட்சம் வரை இருந்தால் அங்கேயே வழக்குப் போடலாம், 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை என்றால் கட்டணம் 200 ரூபாய்தான், வக்கீல் வைத்துத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். அதுவரை கொட்டேஷன், பில், வாகன் ரசீது, வாட்ஸப் பேச்சு எதையும் அழிக்காமல் வைத்திருங்கள்.